வால்பக்கத்துக் கோழிகள்

ராஜசேகரனின் கோழிப்பண்ணைக்குப் போக லாயாங் லாயாங் என்ற ஊரிலிருந்து, எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காட்டுக்குள் ஒரு மண்சாலை உண்டு. பண்ணையில் அன்றைக்குக் கஷாயம் கொதிக்கிறதா இல்லையா என்பது அந்தச் சாலையின் கடைசி வளைவிலேயே தெரிந்துவிடும். பூண்டும் பச்சை மஞ்சளும் இஞ்சியும் சேர்ந்த வாசனை கோழி நாற்றத்தை ஒதுக்கித் தள்ளிவிட்டு முன்னால் வந்து நிற்கும். கஷாயம் வைப்பவள் பிரேமலா. அந்தப் பண்ணையின் மேற்பார்வையாள்.

பிரேமலா எஸ்டேட் லயத்தில் பிறந்தவள். ஐந்தாம் படிவத்தோடு, பதினேழு வயதில், படிப்பு நின்றது. கூலாய் நகரில் ஒரு தொழிற்சாலையில் ஒயர் முறுக்கிக்கொண்டிருந்தாள்; அதை மூடியதும் பண்ணைக்கு வந்தாள். முதலில் கொடுத்த வேலை, காலையில் செத்துக் கிடக்கும் கோழிகளைப் பொறுக்கிச் சாக்கில் போடுவது. மற்றவர்கள் மூக்கைச் சுளித்துக்கொண்டு செய்த அந்த வேலையை அவள் நின்று நிதானித்துச் செய்தாள். ஒவ்வொன்றையும் புரட்டிப் பார்ப்பாள். கால் எப்படி இருக்கிறது, கொண்டை கறுத்திருக்கிறதா, வயிற்றுப் பக்கம் நனைந்திருக்கிறதா என்று பார்ப்பாள். அப்படிப் பார்த்துப் பார்த்தே மேற்பார்வைக்கு உயர்ந்தாள். யாரும் கைதூக்கி விடவில்லை.

கஷாயத்தை அவள் வைக்கும் விதமே தனி. மஞ்சள் தூள் ஆகாது, பச்சைக் கிழங்குதான். இஞ்சியை அரைக்கக் கூடாது, தட்ட வேண்டும். வெற்றிலையின் காம்பைக் கிள்ளிவிட வேண்டும். காரம் தெரியாமல் கோழி குடிப்பதற்குக் கருப்பட்டி. எல்லாம் வற்றியதும் வெள்ளை வேட்டித் துணியில் மூன்று தரம் வடிப்பாள். அந்தத் துணியை யாரும் தொடக் கூடாது. ஒருநாள் ரஃபீக் தெரியாமல் அதில் கை துடைத்துவிட்டான். ரஃபீக் வங்காளதேசத்துக்காரன், கொட்டகை வேலையில் அவளுக்கு வலது கை மாதிரி. அவனோடு அன்று மாலை வரை அவள் பேசவில்லை.

"கோழிக்கு ரசம் வெக்கிறா பாரு," என்பார் ராஜசேகரன். "விட்டா அப்பளமும் பொரிச்சு வெப்பா."

"நீங்க காலையில குடிக்கிற கோப்பியைவிட இது நல்லாத்தான் இருக்கும், அண்ணே. ஒரு வாய் குடிச்சுப் பாருங்க."

"எனக்கு வேணாம்மா. அப்புறம் நானும் முட்டை போட ஆரம்பிச்சிடுவேன்."

"கறிக்கோழி முட்டை போடாது, அண்ணே. இத்தனை வருசம் பண்ணை வெச்சிருக்கீங்க."

அப்போது இருந்தது பழைய திறந்த கொட்டகை. மணி மாதிரித் தொங்கும் சிவப்புப் பாத்திரங்களில் கோழிகள் தண்ணீர் குடித்தன. பிரேமலா தினமும் காலையில் அத்தனை பாத்திரத்தையும் கழற்றித் தேங்காய் நார் போட்டுத் தேய்த்துக் கழுவி, பிறகுதான் கஷாயத் தண்ணீர் ஊற்றுவாள். அவள் பொறுப்புக்கு வந்த பிறகு கோழிகளுக்குக் கழிச்சல் குறைந்தது, சாவும் குறைந்தது. மருந்து வாளியை எடுக்க வேண்டிய அவசியம் அநேகமாக இல்லாமல் போயிற்று. கஷாயத்தால் வந்த பலனா, தினமும் தேய்த்துக் கழுவியதால் வந்த பலனா என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. எல்லாரும் கஷாயம் என்றார்கள். பிரேமலாவும் அப்படியே நம்பினாள்.

பேச்சு வெளியே பரவியது. ஜொகூர் பாருவில் இருந்த ஒரு கோழி நிறுவனம் 'மூலிகைக் கோழி' என்று புதிதாக விற்கத் தொடங்கும் நேரம் அது. மருந்து கொடுக்காமல், நெருக்கி அடைக்காமல் வளர்க்க வேண்டும்; தீனியில் மூலிகைப் பொடியை நிறுவனமே கலந்து அனுப்பும். ராஜசேகரனுக்கு அந்த ஒப்பந்தம் கிடைத்தது. புதிதாக மூடிய கொட்டகை ஒன்று எழும்பியது. முன்பக்கம் தண்ணீர் வழியும் அட்டைச் சுவர். பின்பக்கம், வால்பக்கம் என்று சொல்வார்கள், பெரிய பெரிய காற்றாடிகள். முன்னால் குளிர்ந்து நுழையும் காற்று கோழிகளின் சூட்டையெல்லாம் வாரிக்கொண்டு வால்பக்கம் வெளியேறும். தண்ணீர் பாத்திரத்தில் இல்லை. முன்பக்கத் தொட்டியிலிருந்து வால்பக்கம் வரை நீண்ட குழாய்கள். அவற்றில் வரிசையாக நிப்பிள். கோழி அலகால் கொத்தினால் ஒரு சொட்டு விழும்.

முதல் தடவை விட்ட கோழிகள் குளிர்ச்சியைத் தேடி முன்பக்கமே போய்க் குவிந்தன. அடியில் சிக்கியவை மூச்சு முட்டிச் செத்தன. குறுக்கே தடுப்பு வலை போட வேண்டும் என்று ராஜசேகரனிடம் நச்சரித்துப் போட வைத்தவள் பிரேமலா. அதன் பிறகு ஒவ்வொரு கட்டத்துக் கோழியும் அதனதன் கட்டத்திலேயே, நெருக்கடி இல்லாமல் வளர்ந்தது.

நிறுவனத்தின் கால்நடை மருத்துவர் சுபத்ரா வந்து எல்லாவற்றையும் விளக்கினார். தன்மையான மனுஷி. "அக்கா, தொட்டியில தண்ணியைத் தவிர எதையும் ஊத்தாதீங்க. மூலிகை தீனியிலேயே வந்திருது."

"சரிங்க டாக்டர்," என்றாள் பிரேமலா.

ஆனால் மூட்டையில் வந்த பொடியை உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்து பார்த்தபோது அவளுக்கு மனசு ஒப்பவில்லை. மரத்தூள் மாதிரி இருந்தது. வெயில் காலம் வேறு. கோழிகள் வாயைப் பிளந்து இளைப்பதைப் பார்த்துக்கொண்டு வெறும் தண்ணீரைக் கொடுக்க அவளால் முடியவில்லை. டாக்டர் சொன்னது மருந்து மாயத்தைப் பற்றி. நாம் கொடுப்பது வீட்டில் நாமே குடிக்கிற சாமான்தானே என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டு கஷாயத்தைத் தொட்டியில் ஊற்றினாள். தொட்டியின் வாயில் இருந்த வடிகட்டி மஞ்சளாகி அடைத்துக்கொண்டது. கழுவிப் போட்டாள், மறுபடியும் அடைத்தது. மூன்று தரம் துணியில் வடித்ததை இன்னொரு தரம் எதற்கு வடிப்பது என்று நினைத்து, வடிகட்டியைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டாள். துணியில் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

கழுவுவதற்கு இங்கே பாத்திரம் இல்லை. குழாயின் உள்பக்கம் யார் கண்ணுக்கும் தெரியாது.

கோழிகள் எடைக்கு வந்துவிட்டன. அவற்றை ஏற்ற லாரி வருவதற்கு முன்பாக, நிறுவனம் பிரேமலாவை ஜொகூர் பாருவுக்குக் கூப்பிட்டது. சந்தைக்குப் பக்கத்தில் புதிதாகத் திறந்த கடையில் ஆள் உயரத்துக்கு அவளுடைய படத்தை ஒட்டியிருந்தார்கள். கையில் ஒரு கோழியை அணைத்துக்கொண்டு பிரேமலா சிரிக்கிறாள். கூடப் போன அக்காள் ராசம்மா, பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலையில் சமைப்பவள், பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். படத்துக்கு முன்னால் நின்று வருகிறவர் போகிறவரை எல்லாம் நிறுத்தினாள்.

"எங்க தங்கச்சி. மூக்குத்தி வரைக்கும் தெரியுது பாருங்க."

"அக்கா, சும்மா இரு. எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கத்தானே ஒட்டியிருக்காங்க? நீ அந்தப் பக்கம் போய் நில்லு. படத்தையும் உன்னையும் சேர்த்துப் பாக்கட்டும்."

அந்த நேரத்தில்தான் ரஃபீக் தொலைபேசியில் அழைத்தான். வால்பக்கத்தில் தீனி அப்படியே கிடக்கிறது, கோழிகள் சாப்பிடவில்லை என்றான். பிரேமலா ஒரு காதைப் பொத்திக்கொண்டு கேட்டாள். கஷாயத்தில் நேற்று இஞ்சியைக் கூட்டியிருந்தாள். "காரத்துக்கு ரெண்டு வேளை அப்படித்தான் இருக்கும், நாளைக்குச் சரியாயிடும்," என்று மலாயில் சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தாள். நாடா வெட்டக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

சாயங்காலம் திரும்பியதும், வீட்டுக்குப் போகுமுன் பண்ணைக்குப் போனாள். புடவையோடு கொட்டகையின் முன்பக்கக் கதவைத் திறந்து, எப்போதும் செய்கிற மாதிரி முதல் நிப்பிளை விரலால் அழுத்தினாள். தண்ணீர் சொட்டியது. தலையைச் சாய்த்துக் கேட்டாள். வால்பக்கம் சத்தமே இல்லை. கோழிகள் அமைதியாக இருந்தால் வயிறு நிறைந்து படுத்திருக்கின்றன என்று அர்த்தம். அவளுக்கு அது தெரியும். ஊருக்கே அவள்தான் சொல்லிக் கொடுத்தாள். "அடங்கியிருக்குதுங்க," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

மறுநாள் காலையில் அவளுடைய மோட்டார் சைக்கிள் பண்ணைக்குள் நுழைந்ததுமே ரஃபீக் ஓடிவந்தான். அவன் முகத்தைப் பார்த்ததும் அவள் எஞ்சினை அணைக்க மறந்தாள்.

"காக், தண்ணி இல்ல. பின்னால தண்ணி இல்ல," என்றான், அக்கா என்பதை மலாயிலும் மீதியை அவனுக்குத் தெரிந்த தமிழிலும்.

"நேத்து நான் பார்த்தேனே. வந்துச்சே."

"முன்னால வருது, காக். பின்னால இல்ல."

அவள் தடுப்பு வலைகளைத் தாண்டித் தாண்டி வால்பக்கம் போனாள். முன்கட்டத்துக் கோழிகள் காலைச் சுற்றிக் கொக்கரித்தன. நடுக்கட்டத்தில் சத்தம் குறைந்தது. கடைசிக் கட்டத்தில் கோழிகள், தரையில் பரப்பிய உமிமேல் வெள்ளையாகப் பரந்து கிடந்தன. செத்தது எது, உயிரோடு இருப்பது எது என்று நின்ற இடத்திலிருந்து சொல்ல முடியவில்லை. சில கோழிகள் குழாயின் கீழேயே, கழுத்தை மேலே நீட்டியபடி செத்திருந்தன. உயிர் இருந்தவை கண்ணைப் பாதி மூடிக்கொண்டு கிடந்தன. அவள் ஒன்றின் காலைத் தொட்டாள். தோல் காய்ந்த மிளகாய் மாதிரி சுருங்கியிருந்தது.

கடைசி நிப்பிளை அழுத்தினாள். ஒன்றும் வரவில்லை. அதற்கு முந்தியதை அழுத்தினாள். அதற்கும் முந்தியதை. ரஃபீக்கிடம் ஸ்பேனர் வாங்கிக் குழாயின் கடைசி மூடியைத் திருகிக் கழற்றினாள். பழுப்பு நிறத்தில் கொழகொழவென்று ஒரு கட்டி, ஆறிப்போன ஜவ்வரிசிக் கூழ் மாதிரி, மெதுவாக வெளியே வந்து அவள் உள்ளங்கையில் விழுந்தது. புளித்துப்போன கருப்பட்டியும் இஞ்சியும் மணந்தது. அவளுடைய கஷாயம்தான்.

வால்பக்கம்தான் சூடு அதிகம். அங்கேதான் தாகமும் அதிகம். முன்னால் போய்க் குடித்திருக்கலாம் என்றால், போக முடியாதபடி தடுப்பு. தடுப்புப் போடச் சொன்னதும் அவள்தான்.

அவள் அழவில்லை. தடுப்பு வலைகளைப் பிடுங்கி எறிந்தாள். பழைய கொட்டகையிலிருந்து சிவப்புப் பாத்திரங்களைக் கொண்டுவரச் சொன்னாள். ரஃபீக்கும் அவளுமாக வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்து ஊற்றினார்கள். எழுந்து நடக்க முடிந்தவை முண்டியடித்துக் குடித்தன. முடியாதவற்றை அவள் ஒவ்வொன்றாகத் தூக்கி அலகைத் தண்ணீரில் நனைத்தாள். சில விழுங்கின. பல, தண்ணீர் அலகோரம் வழிய, தலையை அவள் கையிலேயே சாய்த்தன.

ராஜசேகரன் வந்தபோது அவள் அதைச் செய்துகொண்டிருந்தாள். மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். வடிகட்டியைக் கழற்றியதையும் சொன்னாள். அவர் காற்றாடிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு டாக்டர் சுபத்ராவை அழைத்தார். டாக்டர் அப்போது பண்டார் தெங்காரா பக்கம் வேறொரு பண்ணையில் இருந்தார். ஒலிபெருக்கியில் அவர் குரல் கேட்டது.

"நிக்க முடியாத கோழியை லாரியில ஏத்தாதீங்க, சார். கூடையில போட்டா வழியிலேயே மிதிபட்டுச் சாகும். அதை மட்டும் தனியாப் பிரிச்சு வைங்க, நான் சாயங்காலம் வந்துர்றேன்."

ராஜசேகரன் தொலைபேசியைச் சட்டைப் பைக்குள் போட்டார்.

"சாயங்காலம் டாக்டர் வருவாங்க. லாரி மத்தியானமே வருது," என்றார். "ஏத்தி அனுப்பிருவோம்."

"எதை, அண்ணே?"

"உயிர் இருக்கிற எல்லாத்தையும். கூடைக்குள்ள எது நிக்குது, எது படுத்திருக்குதுன்னு எவன் குனிஞ்சு பாக்கப் போறான்? எண்ணிக்கை இவ்வளவு குறைஞ்சா கம்பெனிக்காரன் அடுத்த குஞ்சு நமக்குத் தரமாட்டான், பிரேமலா. கொட்டகையைப் பூட்டிட்டு நானும் நீயும் செம்பனை பொறுக்கப் போகணும்."

"ஜொகூர் பாரு போய்ச் சேர்றவரைக்கும் இதுங்க வெயில்ல, ஒண்ணு மேல ஒண்ணா, தண்ணி இல்லாம..."

"தண்ணி இல்லாம ஆக்குனது யாரு?"

அவர் கத்தவில்லை. மெதுவாகத்தான் கேட்டார். பிரேமலா கையிலிருந்த கோழியைப் பார்த்தாள். அது அவளைப் பார்க்கவில்லை; எதையும் பார்க்கிற நிலையில் இல்லை.

"நான்தான்," என்றாள்.

அவள் அந்தக் கோழியின் கால்களை இடது கையில் சேர்த்துப் பிடித்தாள். தலையை வலது கையின் விரல்களுக்கிடையில் வைத்து, கீழ்நோக்கி இழுத்துத் திருப்பினாள். ஒரே இழுப்பு. சிறகு படபடத்து அடங்கியது. அதை ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததைத் தூக்கினாள்.

"என்ன பண்றே நீ?"

"செத்த கோழியை ஏத்த மாட்டீங்கல்ல, அண்ணே."

ராஜசேகரன் ஒரு அடி முன்னால் வைத்தார். ரஃபீக் நடுவில் வந்து நின்றான். வாளியைக் கீழே வைத்துவிட்டு வெறுமனே நின்றான். அவர் இருவரையும் பார்த்தார். பிறகு திரும்பி வெளியே போனார். கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. ஆனால் கார் கிளம்பவில்லை.

மீள முடியாதவற்றை வேதனை நீளாமல் முடிப்பது பண்ணை வேலையில் ஒரு பகுதி. பிரேமலாவுக்கு அது புதிதல்ல. ரஃபீக்குக்குக் கற்றுக்கொடுத்தவளே அவள்தான். ஆனால் எப்போதும் அது ஒன்று இரண்டாகத்தான் இருக்கும். அன்று ஒரு கட்டம் முழுக்க இருந்தது. ஒவ்வொன்றையும் முதலில் நிற்க வைத்துப் பார்த்தாள். நின்றால் பாத்திரத்தின் பக்கம் விட்டாள். காலை மடக்கி விழுந்தால் இடது கைக்கு எடுத்தாள். அவசரப்படவில்லை. ஒரு கோழிக்குக்கூட இரண்டாவது இழுப்பு தேவைப்படக் கூடாது என்பதில் குறியாக இருந்தாள். பிடி தளர்கிறது என்று தெரிந்ததும் நிறுத்தி, உமிமேல் உட்கார்ந்து விரல்களை நீட்டி மடக்கினாள்.

"நான் செய்றேன், காக்."

"நீ பாதி எடு. அந்த ஓரத்திலிருந்து வா. நிக்க வெச்சுப் பாத்துட்டு."

லாரி வந்தபோது ராஜசேகரன் காரை விட்டு இறங்கினார். கோழி பிடிக்க வந்த ஆட்களிடம், முன்னாலிருந்து தொடங்குங்கள், நடந்து வருகிறதை மட்டும் பிடியுங்கள் என்றார். பிரேமலாவின் பக்கம் அவர் திரும்பவில்லை. கூடைகள் பல காலியாகவே திரும்பி லாரியில் ஏறின.

டாக்டர் சுபத்ரா வந்தபோது கொட்டகைக்குப் பின்னால் குழி வெட்டிச் சுண்ணாம்பு தூவிக்கொண்டிருந்தார்கள். டாக்டர் ஒரு கோழியை அறுத்துப் பார்த்தார். தொண்டைப் பையில் தீனி மண் மாதிரி காய்ந்திருந்தது. நோய் எதுவும் இல்லை. குழாயிலிருந்து வந்த கட்டியை ஒரு குச்சியால் தொட்டுப் பார்த்தார்.

"எதையும் ஊத்தாதீங்கன்னு சொல்லியிருந்தேனே, அக்கா."

"சொன்னீங்க டாக்டர்."

டாக்டர் குச்சியைக் குழிக்குள் போட்டார்.

நிறுவனம் பிறகு அங்கே மூலிகைக் கோழி வளர்க்கவில்லை. மூடிய கொட்டகை பல மாதம் சும்மா கிடந்தது. குழாய்களை எதைவிட்டுக் கழுவியும் உள்ளே ஒட்டியது முழுதாகப் போகவில்லை என்று, அறுத்து எடுத்துப் புதிதாகப் போட்டார்கள். ராஜசேகரன் அவளை வேலையைவிட்டு நிறுத்தவில்லை. ஆனால் ரசம், அப்பளம் என்ற பேச்சு அவர் வாயில் அதன் பிறகு வரவில்லை. பழைய கொட்டகையில் அவள் தினமும் பாத்திரம் தேய்த்தாள். வெறும் தண்ணீர்தான் ஊற்றினாள். கோழிகள் அதைக் குடித்து நன்றாகத்தான் வளர்ந்தன. அதைப் பார்ப்பது அவளுக்கு எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது.

ஜொகூர் பாருக் கடையில் அவள் படம் அப்படியே இருந்தது. ராசம்மா ஒருநாள் தனியாகப் பேருந்து ஏறிப் போய், அதை எடுத்துவிடச் சொல்லிக் கேட்டாள். கடைக்காரர் படத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏன்க்கா, நல்லாத்தானே இருக்கு? உங்க தங்கச்சின்னு நீங்கதானே அன்னைக்கு எல்லார்கிட்டயும் சொன்னீங்க?"

"இப்பவும் தங்கச்சிதான்," என்றாள் ராசம்மா. "படத்தை எடுங்க."

அவர் எடுக்கவில்லை. ராசம்மா வீட்டுக்கு வந்து அதைப் பற்றித் தங்கையிடம் சொல்லவும் இல்லை.

வேறொரு நிறுவனத்தின் சாதாரணக் குஞ்சுகள் மூடிய கொட்டகைக்கு வந்த அன்று, பெட்டிகளை முன்பக்கக் கதவில் இறக்கிவிட்டு ரஃபீக் காத்து நின்றான். ராஜசேகரனும் நின்றார். பிரேமலா கொட்டகையைச் சுற்றிக்கொண்டு போய் வால்பக்கக் கதவைத் திறந்தாள். காற்றாடிகளின் இரைச்சலில் கடைசி நிப்பிளுக்குக் கீழே குந்தினாள். விரலால் அழுத்தினாள். ஒரு சொட்டு விழுந்தது. உள்ளங்கையை ஏந்தி மறுபடியும் அழுத்தினாள், முகர்ந்து பார்த்தாள், நாக்கில் வைத்துப் பார்த்தாள். வெறும் தண்ணீர்.

அங்கிருந்து ஒவ்வொரு நிப்பிளாக அழுத்திக்கொண்டு முன்பக்கம் நோக்கி வந்தாள். பெட்டிக்குள் குஞ்சுகள் கத்திக்கொண்டிருந்தன. நேரமாகிறது என்று லாரிக்காரன் முணுமுணுத்தான். ராஜசேகரன் அவனைக் கையமர்த்தினார்.

முதல் நிப்பிளையும் அழுத்திப் பார்த்த பிறகுதான் அவள் நிமிர்ந்தாள்.

"இப்ப விடுங்க," என்றாள்.